எல்லோரும் கொண்டாடும் அனிமேஷன் படங்களில் எது ஓவர்ரேட்டட்?

ராணிப்பேட்டையிலிருந்து ஒரு கல்லூரித் தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணா, எங்க ஹாஸ்டல்ல ரெண்டு நாளா இதே சண்டை. லயன் கிங், ஃப்ரோசன், அப், யுவர் நேம், டீமன் ஸ்லேயர், மகாவதார் நரசிம்மா, இதுல எது நிஜமாவே நல்ல படம், எதைச் சும்மா தூக்கி வச்சிருக்காங்க? ஒருத்தன் கோச்சடையானைச் சொல்றான், இன்னொருத்தன் ஜப்பான் டைரக்டர் மியாசாகியே ஓவர்ரேட்டட்ங்கறான். நீங்க அந்தத் தொழில்ல இருந்தவர், தீர்ப்பு சொல்லுங்க."

இருந்தவன்தான். சென்னையில் ஒரு ஸ்டுடியோவில் கேரக்டர் அனிமேஷன் செய்தேன், இப்போது காட்பாடியில் பிள்ளைகளுக்கு அதையே சொல்லிக்கொடுக்கிறேன். அதனால் என் பார்வை கொஞ்சம் ஒருபக்கமாகத்தான் இருக்கும், மற்றவர்கள் கதையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது நான் புருவத்தையும் தோள்பட்டையையும் பார்த்துக்கொண்டிருப்பேன். கதை முடிச்சுகளையும் உடைத்துத்தான் பேசப்போகிறேன், இந்தப் படங்களில் எதையாவது பார்க்காதவர்கள் அந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுங்கள்.

முதலில் வசூலை ஓரமாக வையுங்கள். 2025-இல் வந்த சீனப் படம் நேஜா 2 இருநூறு கோடி டாலரைத் தாண்டி உலகத்திலேயே அதிகம் வசூலித்த அனிமேஷன் படமானது, நம் பக்கம் பாதிப் பேருக்கு அப்படி ஒரு படம் வந்ததே தெரியாது. 2015-இல் மினியன்ஸ் நூறு கோடி டாலருக்கு மேல் சம்பாதித்தது, ஆனால் அதை மகத்தான படம் என்று யாரும் சொல்லவில்லை, பிள்ளைகள் சிரித்தார்கள், பாப்கார்ன் தீர்ந்தது, வீட்டுக்கு வந்தோம். இதையெல்லாம் ஓவர்ரேட்டட் என்று திட்டுவதில் அர்த்தமே இல்லை. ஒரு படத்தை எதற்காகப் புகழ்கிறார்களோ அது அந்தப் படத்துக்குள் இருக்கிறதா என்று மட்டும்தான் நான் பார்ப்பேன்.

அப்படிப் பார்த்தால் என் பட்டியலில் முதலில் நிற்பது 2019-இல் ஜான் ஃபேவ்ரோ இயக்கிய லயன் கிங். 1994 படத்தைச் சொல்லவில்லை, அதைத் தொட்டால் எனக்கே கோபம் வரும். 2019 படம் 160 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது, தமிழில் சிம்பாவுக்கு சித்தார்த், ஸ்காருக்கு அரவிந்த் சாமி, பும்பாவுக்கும் டிமோனுக்கும் ரோபோ சங்கரும் சிங்கம்புலியும் என்று டப்பிங்கும் நன்றாகவே அமைந்தது. வெளிநாட்டு விமர்சகர்கள் அப்போதே முகம் சுளித்தார்கள் என்பது சரிதான். ஆனால் நம் ஊரில் இன்றைக்கும் யாரைக் கேட்டாலும் "என்னா கிராபிக்ஸ், நிஜச் சிங்கம் மாதிரியே இருந்துச்சு" என்பார்கள். அந்தப் பாராட்டில்தான் என் பிரச்சினையே இருக்கிறது.

நிஜச் சிங்கத்துக்கு மனிதன் மாதிரிப் புருவம் தூக்க வராது, உதட்டைப் பிதுக்க வராது. அழவும் தெரியாது. 1994-இல் முஃபாசா இறந்து கிடக்கும்போது குட்டி சிம்பா அப்பாவின் காதைப் பிடித்து இழுப்பான், அந்த முகத்தில் பயம் வந்து, "விளையாடுறாரோ" என்ற நப்பாசை வந்து, அப்புறம் உண்மை உறைக்கும். இது அத்தனையும் ஒரு கலைஞன் பென்சிலால் நடித்த நடிப்பு. 2019-இல் அதே காட்சி, கிட்டத்தட்ட அதே வசனம், ஆனால் முகம் முழுக்க ஒரே பாவம்தான், குரல் மட்டும் எங்கிருந்தோ அழுகிறது. ஸ்கார் பாடும் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள், பழைய படத்தில் பச்சைப் புகை, கழுதைப்புலிகளின் அணிவகுப்பு, கீழேயிருந்து எழும்பும் பாறை என்று ஒரு ராட்சத நாடகமே நடக்கும். புதிய படத்தில் அந்தப் பாட்டைச் சுருக்கி ஏதோ பேசி முடிப்பதுபோல் ஆக்கிவிட்டார்கள். இன்னும் மோசம், "இன்றிரவு காதலை உணர முடிகிறதா" என்று கேட்கும் அந்தப் புகழ்பெற்ற டூயட்டைப் பட்டப்பகல் வெயிலில் எடுத்து வைத்திருக்கிறார்கள். படத்தில் கேமராவால் எடுத்த உண்மையான ஷாட் ஒன்றே ஒன்று, தொடக்கத்தில் வரும் சூரியோதயம். மற்றதெல்லாம் கணினியில் செய்தது, அதாவது நிலாவை எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம் என்ற வசதி அவர்கள் கையில் இருந்தது. இருந்தும் பகல்!

எங்கள் பழைய வட ஆற்காட்டுக்காரர்களுக்கு இதைப் புரியவைக்க ரொம்ப நேரம் ஆகாது. ஆரணி, செய்யாறு பக்கம் திரௌபதி அம்மன் திருவிழாவில் கூத்துப் பார்த்தவர்கள் யோசித்துப் பாருங்கள். துரியோதனன் வேஷக்காரர் ஏன் அவ்வளவு பெரிய கிரீடமும் புஜக்கட்டையும் கட்டிக்கொண்டு, முகம் முழுக்க அரிதாரம் பூசி, திரைக்குப் பின்னாலிருந்து அத்தனை ஆர்ப்பாட்டமாக வருகிறார்? ராத்திரி ரெண்டு மணிக்குக் கடைசி வரிசையில் போர்வைக்குள் அரைத்தூக்கத்தில் இருக்கும் பாட்டிக்கும் "ராஜா வந்துட்டான், கோபமா இருக்கான்" என்று தெரிய வேண்டும். அஸ்தினாபுரத்து ராஜா நிஜத்தில் எப்படி இருந்திருப்பார் என்று ஆராய்ந்து நாலு முழ வேட்டியில் ஒருவரைக் கொண்டுவந்து நிறுத்தினால் கூத்து அங்கேயே படுத்துவிடும். டிஸ்னியின் பழைய கலைஞர்கள் வகுத்துவைத்த 12 விதிகளில் மிகைப்படுத்தல் ஒன்று, உடம்பை நசுக்கி இழுப்பது இன்னொன்று. அனிமேஷன் என்ற கலைக்கு உயிரே அந்த மிகைதான், 2019 லயன் கிங் கோடிக்கணக்கில் செலவு செய்து அதைத் துடைத்தெடுத்துவிட்டு, துடைத்ததற்கே கைதட்டலும் வாங்கிக்கொண்டது. தொழில்நுட்பத்தில் அது சாதனை, சந்தேகமில்லை, விஷுவல் எஃபெக்ட்ஸ் பிரிவில் ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது நியாயம்தான். படமாகப் பார்த்தால் வெறும் ஆவணப்பட முகங்கள்.

மகாவதார் நரசிம்மா விஷயத்தில் கவனமாகப் பேச வேண்டும், ஏனென்றால் சோளிங்கர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு நரசிம்மரைப் பற்றி எழுதுகிறேன். 1,305 படி ஏறி யோக நரசிம்மரைப் பார்க்கப் போகிற ஊர் இது, கார்த்திகையில் அவர் கண் திறக்கிறார் என்று கூட்டம் மலையை மொய்க்கும். அஸ்வின் குமார் இயக்கிய அந்தப் படம் 2025 ஜூலையில் வந்தபோது, எனக்குத் தெரிந்த பெரியவர்கள் சிலர், பல வருஷமாகத் தியேட்டர் பக்கமே போகாதவர்கள், குடும்பத்தோடு போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். 300 கோடி ரூபாய்க்கு மேல் வசூல், இந்திய அனிமேஷனில் அதுவரை யாரும் கனவுகூடக் காணாத தொகை. பக்தியோடு போய்க் கண்ணீர் விட்டவரிடம் நான் எதுவும் சொல்ல மாட்டேன், அது அவருக்கும் சாமிக்கும் நடுவில்.

ஆனால் "ஹாலிவுட் தரம்" என்று வாட்ஸப்பில் சுற்றியதே, அதை ஒப்புக்கொள்ள முடியாது. முதல் பாதியில் பாத்திரங்கள் பழைய வீடியோ கேம் இடைவேளைக் காட்சிகளில் வருகிற மாதிரி நடக்கின்றன, பாதம் தரையில் ஊன்றாமல் கொஞ்சம் வழுக்குகிறது, பிரகலாதன் முகத்தில் அன்பும் பயமும் பணிவும் ஒரே சிரிப்பாகத்தான் தெரிகிறது. பேசும்போது வாய் மட்டும் அசைகிறது, கன்னம் தூங்குகிறது. இதற்கெல்லாம் பணமும் நேரமும் கலைஞர்களும் வேண்டும், பெரிய ஹாலிவுட் ஸ்டுடியோக்களில் ஒரு அனிமேட்டர் ஒரு வாரம் உட்கார்ந்து சில விநாடிக் காட்சி மட்டும் செய்வார், இங்கே அப்படி உட்கார வைத்துச் சம்பளம் கொடுக்க யாராலும் முடியாது, அந்த வலி எனக்குத் தெரியும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: தூண் பிளந்த பிறகு வரும் பகுதியில் படம் சட்டென்று எழுந்து நிற்கிறது. அங்கே நிஜம் மாதிரி காட்ட வேண்டும் என்ற கவலை போய்விட்டது, உருவம் பெருக்கிறது, நிறம் கொதிக்கிறது, இரணியன் வீடு கட்டி அடிக்கிறான். இரணியன் கூத்தில் நரசிம்ம வேஷக்காரரை நாலு பேர் இழுத்துப் பிடித்துக்கொள்வார்களே, அந்த ஆவேசம் திரையில் வந்துவிட்டது. ஆக, அந்தக் கடைசிப் பகுதிக்கு வருகிற பாராட்டு நியாயமானது, முழுப் படத்துக்கும் அதே பாராட்டைக் கொடுப்பது கொஞ்சம் அதிகம்.

இதிகாச அனிமேஷனில் உண்மையிலேயே குறைத்து மதிக்கப்பட்டது எது என்றால், ஜப்பானின் யூகோ சாகோவும் நம் ராம் மோகனும் சேர்ந்து செய்த ராமாயணம். 1993 படம், கையால் வரைந்தது, அப்போது நம் தியேட்டர்களில் சரியாக ஓடவே இல்லை, டிவியில் பார்த்த பிள்ளைகள்தான் அதைக் காப்பாற்றினார்கள். 2025 ஜனவரியில் தமிழிலும் மறுபடி வெளியிட்டார்கள். கும்பகர்ணன் எழும் காட்சியையும் நரசிம்மா படத்தின் முதல் பாதியையும் அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள், எடை என்றால் என்னவென்று தெரியும்.

கோச்சடையானைச் சொன்ன நண்பருக்கு: தூக்கி வைத்தவரே இல்லாத படம் எப்படி ஓவர்ரேட்டட் ஆகும்? 2014-இல் வந்த நாளிலிருந்து அதைக் கிண்டல் செய்துகொண்டுதான் இருக்கிறோம். மோஷன் கேப்சரில் உடம்பு அசைவை சென்சார் பிடித்துக்கொள்ளும், கண்ணும் கன்னமும் கையால் சரிசெய்தால்தான் உயிர் வரும், அங்கே அந்தக் கை போதவில்லை. ரஜினி என்ற மனிதரின் முகத்தில் நமக்குத் தெரியாத அசைவே கிடையாது என்பது வேறு, சின்ன வித்தியாசமும் கண்ணில் குத்தும். விட்டுவிடுவோம்.

ஃப்ரோசனுக்கு வருகிறேன். 2013 படம், இரண்டு ஆஸ்கர், எல்லா வீட்டுப் பெண்குழந்தைக்கும் ஒரு நீலக் கவுன். இரண்டாம் பாகத்துக்குத் தமிழில் எல்சாவாக ஸ்ருதி ஹாசனும் அன்னாவாக திவ்யதர்ஷினியும் பேசினார்கள், வேலூரில் ஒரு காலத்தில் பிறந்தநாள் கேக் என்றாலே எல்சாதான். படத்தில் எது பெரிசு என்று கேட்டால் எல்லோரும் எல்சா பாடும் 'லெட் இட் கோ' என்ற அந்த ஒரு பாட்டைத்தான் சொல்வார்கள், அதில் எனக்கும் மறுப்பில்லை. ஐஸ் மாளிகை எழும்புவதும், அவள் நடையே மாறுவதும், பின்னல் அவிழ்ந்து விழுவதும் அனிமேஷன் வகுப்பில் போட்டுக்காட்ட வேண்டிய விஷயங்கள்.

ஆனால் அந்தப் பாட்டுதான் படத்தைச் சாய்த்தது என்று நான் நினைக்கிறேன். எல்சாவை முதலில் வில்லியாகத்தான் யோசித்திருந்தார்கள், பாட்டு கைக்கு வந்ததும், இப்படிப் பாடுகிறவள் எப்படி வில்லியாக இருப்பாள் என்று கதையையே திருப்பி எழுதினார்கள். சரி, நல்ல முடிவு. ஆனால் வில்லி போனதும் வில்லன் நாற்காலி காலியாகிவிட்டது, அதில் அன்னாவைக் காதலிப்பதுபோல் வரும் இளவரசன் ஹான்ஸை உட்கார வைத்தார்கள். தொடக்கத்தில் துறைமுகத்தில் அன்னாவைச் சந்தித்துவிட்டு அவள் போன பிறகு, தண்ணீருக்குள் விழுந்து கிடக்கும் ஹான்ஸ் அவள் போன திசையைப் பார்த்துக் காதலோடு சிரிப்பான். யாரும் பார்க்காத இடத்தில், யாருக்காக நடிக்கிறான்? நமக்காக. அதாவது பார்வையாளனை ஏமாற்றுவதற்காக அனிமேட்டரைப் பொய் சொல்ல வைத்திருக்கிறார்கள். நல்ல திருப்பம் என்றால் இரண்டாம் தடவை பார்க்கும்போது முதல் காட்சியே வேறாகத் தெரிய வேண்டும். இங்கே இரண்டாம் தடவை பார்த்தால் ஓட்டைதான் தெரிகிறது. அதோடு, பாட்டு முடிந்ததும் எல்சாவுக்குப் படத்தில் பெரிய வேலை இல்லை, மலை மேலே இருக்கிறாள், பயப்படுகிறாள், பிடிபடுகிறாள். பெண்ணின் சுதந்திரப் படம் என்று கொண்டாடுகிறார்கள், அந்தச் சுதந்திரம் ஒரு பாட்டு நேரம்தான் நீடிக்கிறது. ஓவர்ரேட்டட். பாட்டைத் தவிர.

அப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. 2009, ஆஸ்கரில் சிறந்த படத்துக்கான பிரிவிலேயே பரிந்துரைக்கப்பட்ட இரண்டாவது அனிமேஷன் படம், பீட் டாக்டர் இயக்கம். கணவன் கார்லும் மனைவி எல்லியும் வாழ்ந்து முடிக்கும் அந்த வசனமில்லாத சில நிமிடங்கள், மைக்கேல் ஜியாக்கினோ இசையோடு, யாராலும் அசைக்க முடியாது. நானும் அழுதிருக்கிறேன். அப்புறம் பேசும் நாய்கள், நாய்கள் ஓட்டும் விமானங்கள், கார்ல் சின்னப் பையனாக இருந்தபோதே பெரிய ஆளாக இருந்த மன்ட்ஸ் இப்போது வாள் சண்டை போடுகிறார், அவருக்கு என்ன வயது இருக்கும் என்று யாரும் கேட்பதில்லை. தலையைப் பார்த்து முழு உடம்புக்கும் மார்க் போட்டுவிட்டோம். எல்லியின் ஆல்பத்தின் கடைசிப் பக்கங்களை கார்ல் திறக்கும் இடம் மட்டும் மறுபடி அந்த உயரத்துக்குப் போகிறது.

யுவர் நேம் பற்றிப் பேசினால் வி.ஐ.டி. ஹாஸ்டல்களிலிருந்து எனக்கு அடி விழும். 2016, மகோடோ ஷின்காய். ஒரு டோக்கியோப் பையனும் ஒரு மலைக்கிராமப் பெண்ணும் உடம்பு மாறிக்கொள்கிறார்கள், இருவருக்கும் நடுவே மூன்று வருஷ இடைவெளி இருப்பது பாதிப் படம் கடந்துதான் தெரிகிறது. இருவரும் ஒருவர் போனில் ஒருவர் டைரி எழுதுகிறார்கள், போனில் வருஷம் தெரியாதா, கிழமைகூடவா மாறவில்லை? ஒரு வால்நட்சத்திரத் துண்டு விழுந்து ஒரு ஊரே அழிந்திருக்கிறது, நாடே பார்த்த செய்தி, அந்த ஊர்ப் பெயர் இவனுக்கு உறைக்கவே இல்லை. கனவு மாதிரி மறந்துபோகிறது என்று படம் ஒரு சமாதானம் சொல்கிறது. சொல்லட்டும், மலை உச்சியில் அந்தி நேரத்தில் இருவரும் சந்திக்கும் காட்சிக்காகவும், பெயர் எழுதுகிறேன் என்று சொல்லி அவள் உள்ளங்கையில் அவன் வேறொன்றை எழுதியிருப்பதற்காகவும் நான் மன்னித்துவிடுவேன். வானத்தையும் ரயிலையும் மழையையும் வரைவதில் ஷின்காய் குழுவை மிஞ்ச ஆளில்லை. ஆனால் அந்தப் பின்னணிகளுக்கு முன்னால் நிற்கும் மனிதர்களைப் பாருங்கள், அந்த டோக்கியோப் பையன் டாக்கிக்கு என்ன பிடிக்கும், ஏன் அவளைப் பிடித்தது, ஒரு வரி சொல்லுங்கள் பார்ப்போம். பாட்டைப் போட்டு, காட்சிகளை வேகமாகக் கோத்து, "காதல் வந்துவிட்டது" என்று நம்ப வைக்கிறார்கள். நம் சினிமாவில் ஒரு டூயட்டில் காதல் முடிகிறதே, அதே வித்தை, வானம் மட்டும் ரொம்ப அழகு. நல்ல படம்தான், "வாழ்நாளில் பார்த்த சிறந்த படம்" வரிசையில் வைப்பதற்குத்தான் நான் இல்லை.

டீமன் ஸ்லேயர் இன்ஃபினிட்டி காசில் 2025 செப்டம்பரில் தமிழ் டப்பிங்கோடும் வந்தது. அதன் முந்தைய படம் மூகன் டிரெய்ன் 2020-இல் ஜப்பானின் எல்லா வசூல் சாதனையையும் உடைத்தது. யூஃபோடேபிள் ஸ்டுடியோவின் வேலையைக் குறை சொல்ல எனக்குத் தகுதியே இல்லை, கணினியில் கட்டிய அந்தத் தலைகீழ்க் கோட்டைக்குள் கையால் வரைந்த உருவங்கள் விழுந்துகொண்டே இருப்பதைப் பார்த்து வாயைப் பிளந்தேன். ஆனால் அது படமா? 155 நிமிடம், மூன்று பாகத்தில் முதல் பாகம், வாள் ஓங்கும்போதெல்லாம் ஒரு ஃபிளாஷ்பேக். வில்லன்களில் ஒருவனான அகாசாவின் பழைய கதை அருமை, அது வருகிற இடம்தான் சண்டையின் கழுத்தில் கால் வைக்கிறது. தொடர் பார்க்காமல் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்த அப்பாக்கள் இடைவேளையில் "யாருப்பா இவன், ஏன் அழுவுறான்" என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள், பிள்ளைகள் பொறுமையாக விளக்கினார்கள். தொடரின் அத்தியாயங்களாகப் பார்த்தால் உச்சம், தனிப் படமாகப் புகழ்வது தப்பு. அக்ராஸ் தி ஸ்பைடர்வெர்ஸ்கூட 2023-இல் பாதிக் கதையில் தொடரும் போட்டதுதான், ஆனால் அதற்கு முந்தைய 2018 படம் தன் காலில் நின்றது, அதில் புதிதாக ஸ்பைடர்மேன் ஆகும் பையன் மைல்ஸை விநாடிக்கு 12 படமாகவும் அனுபவசாலியான பீட்டரை 24 படமாகவும் அசைத்து, பையன் இன்னும் தடுமாறுகிறான் என்பதை அசைவிலேயே சொன்னார்கள். அந்தப் படத்துக்கு எவ்வளவு புகழ் கொடுத்தாலும் எனக்குச் சம்மதம்.

கடைசியாக மியாசாகி. உங்கள் நண்பர் எந்தப் படத்தைச் சொல்கிறார் என்று கேளுங்கள். ஹவுல்ஸ் மூவிங் காசில் என்றால் நான் அவர் பக்கம். 2004 படம், நடக்கும் வீடு அற்புதம், சாபத்தால் கிழவியான கதாநாயகி சோஃபியின் மனநிலைக்கு ஏற்ப அவள் முகத்தில் வயது ஏறி இறங்குவது கோட்டோவியத்தால் மட்டும் முடிகிற மாயம். ஆனால் படம் முழுக்க ஒரு போர் நடக்கிறது, யார் யாரோடு ஏன் சண்டை போடுகிறார்கள் என்று கடைசிவரை புரியாது, முடிவில் ஒரு சூனியக்கார அம்மா "சரி, இந்த முட்டாள்தனத்தை நிறுத்திடலாம்" என்கிற தோரணையில் முடித்துவைக்கிறார். ஸ்பிரிட்டட் அவே என்று அவர் சொன்னால், அந்தப் படத்தில் தண்ணீர் மேல் போகும் ரயிலில் சிஹிரோ சும்மா உட்கார்ந்திருக்கிற காட்சியை மட்டும் போனை அணைத்துவிட்டு ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்கள். எதுவுமே நடக்காது, சண்டை கிடையாது, பாட்டும் கிடையாது, ஆனாலும் அந்தப் பெண் படத்தின் தொடக்கத்தில் காரின் பின்சீட்டில் சிணுங்கிக்கொண்டு படுத்திருந்தவள் இல்லை என்பது அவள் முதுகு நிமிர்ந்திருக்கிற விதத்திலேயே தெரியும். அதற்குப் பிறகும் ஓவர்ரேட்டட் என்றால், காட்பாடிக்கு வரச்சொல்லுங்கள், டீ வாங்கிக் கொடுத்துச் சண்டை போடுகிறேன்.